இரவுகளை எண்ணிப் புறப்படுதல்: கலஹாவிலிருந்து ஒரு வசந்தகால ஐரோப்பியப் பயணம்

ஐரோப்பாவைச் சுற்றுவது எப்படி என்று சொல்லும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் வீசா தேவைப்படாத கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டவை. மலிவான விமான டிக்கெட் அகப்பட்டதும் வாங்கிவிடு, ரயில் பாஸ் ஒன்றை எடு, பிடித்த ஊரில் இறங்கு, அறையைப் போன பின் பார்த்துக்கொள் என்பது அந்த நூல்களின் வரிசை. கண்டி மாவட்டத்துக் கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ புறப்படுகிறவர் அந்த வரிசையில் போனால் கொழும்பைத் தாண்டமாட்டார். இங்கிருந்து போகிறவருக்கு முதலில் முடிவாக வேண்டியது எந்த ஊரில் எத்தனை இரவு என்பது. எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்டுவது, எந்த ரயிலுக்கு எப்போது டிக்கெட் எடுப்பது எல்லாம் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் பிறக்கின்றன.

ஐரோப்பா இந்த மலைக்குப் புதிதல்ல. கலஹா, தெல்தோட்டை வழியாக ஏறிப் போனால் வரும் லூல்கந்துர தோட்டத்துக்கு ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் 1852இல் வந்தார். சுயஸ் கால்வாய் இல்லாத காலம்; ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய கப்பல் பயணம். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாக அந்த ஆண்டையே சொல்கிறோம். டெய்லர் 1892இல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அவர் எடுத்த ஒரே விடுமுறை 1874இல் டார்ஜிலிங்குக்கு. அதுவும் தேயிலை பார்க்கத்தான். கண்டி மஹய்யாவ மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

அவருக்குக் கீழே காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எதிர்த்திசைப் பயணம் நூறு ஆண்டுக்கு மேல் எட்டாமலே இருந்தது. பணம் இல்லாதது மட்டுமல்ல காரணம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குமாகப் பங்கு போட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் விடிந்தது. குடியுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? இன்று கலஹாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போக நினைக்கிற ஓர் ஆசிரியரோ வங்கி ஊழியரோ கடைக்காரரோ அநேகமாகத் தன் குடும்பத்தில் அப்படி நினைத்துப் பார்க்க முடிந்த முதல் தலைமுறை.

இந்த வரலாறு வீசா விண்ணப்பத்திலும் வந்து நிற்கிறது. தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல், பாடசாலைப் பதிவில் இன்னொன்று. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். உள்ளூரில் ஒரு சத்தியக்கடதாசியோடு தீரும் விஷயம், வெளிநாட்டு அதிகாரியின் மேசையில் சந்தேகமாக மாறும். அடுத்தது முகவரி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறும். மூன்றாவது, எல்லாவற்றிலும் கனமானது: திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? காணி உறுதி, வீட்டு உறுதி என்று மற்றவர்கள் நீட்டுகிற இடத்தில், நாலைந்து தலைமுறையாக இருந்த வீடு தன் பேரில் இல்லாதவர் எதை நீட்டுவார்? வேலைக் கடிதம், அனுமதிக்கப்பட்ட லீவுக் கடிதம், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு, வியாபாரப் பதிவு, ஆறு மாத வங்கிக் கூற்று ஆகியவற்றைத்தான் அந்த வெற்றிடத்தில் அடுக்க வேண்டும். ஆகவே பயணம் மார்ச் கடைசியில் என்றால் பெயர்த் திருத்தம் முந்தைய ஆண்டின் நடுவிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஹோட்டல் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஷெங்கன் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இருபத்தொன்பது நாடுகளுக்கு ஒரே வீசா. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பதினைந்து நாள் முன்பு. முடிவுக்குப் பதினைந்து நாள் என்பது விதி, சந்தேகம் வந்தால் நாற்பத்தைந்து வரை இழுக்கலாம். விரல் அடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். அந்த நேர ஒதுக்கீடு கிடைக்கவே சில வாரங்கள் ஆகலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45. வீசா மறுக்கப்பட்டாலும் அந்தக் காசு திரும்பாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்படி கணக்குப் பார்த்தால் ஒரு விண்ணப்பத்தின் விலை இருபது நாளுக்கு மேற்பட்ட கொழுந்துப் பறிப்பு.

எங்கே விண்ணப்பிப்பது என்பதை இரவுகள்தான் சொல்கின்றன. சுற்றுலாவாகப் போகிறவர் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டிடம். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கொழும்பில் எல்லா நாடுகளுக்கும் தூதரகம் இல்லை. நோர்வே தன்னுடையதை 2023 ஜூலையோடு மூடிவிட்டது. நேர ஒதுக்கீடு சுலபமாகக் கிடைக்கும் நாட்டில் விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று சில முகவர்கள் சொல்வார்கள். நுழையும் இடத்தில் அதிகாரி ஹோட்டல் பதிவைக் கேட்டால் அந்த யோசனை அங்கேயே முடிந்தது. போலி ஹோட்டல் பதிவு எடுத்துத் தருகிறவர்களும் உண்டு. அது தேவையே இல்லை. கட்டணமின்றி ரத்துச் செய்யக்கூடிய உண்மையான பதிவுகள் எத்தனையோ கிடைக்கின்றன; சற்று விலை கூடினாலும் வீசா கையில் வரும்வரை அவைதான் சரி.

தங்குமிடம் ஓர் ஆவணம் என்பதற்குப் பிரான்ஸ் நல்ல உதாரணம். அங்கே போகிறவர் நாளொன்றுக்குக் காட்ட வேண்டிய பணம் தங்குமிடத்தைப் பொறுத்து மாறுகிறது: ஹோட்டல் பதிவு இல்லையென்றால் 120 யூரோ, இருந்தால் 65, ஒரு வீட்டில் தங்குவதற்கு நகரசபை அத்தாட்சி இருந்தால் 32.50. பத்து நாளுக்கு என்று பெருக்கிப் பாருங்கள். ஒரே மனிதர், ஒரே ஊர், படுக்கை மட்டும் வேறு. காட்ட வேண்டிய தொகை 1,200இலிருந்து 325 ஆகிவிடுகிறது. சுவிற்சர்லாந்து நாளுக்கு 100 பிராங்க் என்கிறது, ஜேர்மனி 45 யூரோ என்கிறது.

அப்படியானால் உறவினர் வீடுதானே நல்லது என்று தோன்றும். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது. பாரிஸில் சித்தப்பா, சூரிச்சில் மச்சாள், ஒஸ்லோவில் பெறாமகன் என்று ஒரு வரைபடமே அவர்களுக்கு உண்டு. மலையகத்தில் நிலைமை வேறு. எண்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போன அகதி அலை பெரும்பாலும் வடக்குக் கிழக்கினுடையது. எங்கள் பக்கத்து மக்கள் இனக்கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கும் தமிழ்நாட்டுக்கும் போனார்கள். ஆகவே கலஹாக்காரருக்கு ஐரோப்பாவில் இருப்பது பெரும்பாலும் தூரத்து உறவு, அல்லது ஒரு நண்பரின் அண்ணன். அப்படிப்பட்டவரிடம் என்ன கேட்கிறோம் என்பதை அறிந்துதான் கேட்க வேண்டும். பிரான்ஸில் அவர் 'மேரி' எனப்படும் நகரசபைக்குப் போய்த் தன் வீட்டின் அளவையும் வருமானத்தையும் காட்டி, 30 யூரோ கட்டி அத்தாட்சி வாங்கி, அதன் மூலப்பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். தோட்ட அலுவலகத்துக்குப் போகிற தபாலில் அதை வரவழைக்காமல் கண்டியில் நம்பிக்கையான ஒரு முகவரியைக் கொடுப்பது புத்தி. ஜேர்மனியில் அவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்திடுவது வெறும் அழைப்பல்ல. உங்களால் அரசுக்குச் செலவு வந்தால் தானே கட்டுவேன் என்ற பொறுப்பேற்பு. சுவிஸில் அதிகாரிகள் கேட்டால் அந்தப் பொறுப்பு 30,000 பிராங்க் வரை போகும். இத்தாலியில் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தவர் 48 மணி நேரத்துக்குள் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒருவர் மனமுவந்து செய்தால் போய்த் தங்குங்கள். ஆனால் முழுப் பயணத்தையும் அங்கே கழிக்காதீர்கள். பாரிஸ் தமிழர் பலர் இருப்பது லா கூர்னேவ் போன்ற புறநகர்களில். வீடு சிறியது, வேலை இரவும் பகலுமாக. விருந்தாளிக்காக அவர்கள் லீவு போட, விருந்தாளி அவர்களுக்காக வெளியே போகாமல் இருக்க, ஈபிள் கோபுரத்தைவிட அதிகநேரம் அவர்களின் வரவேற்பறைத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. நாலு இரவு உறவினர் வீடு, மிச்சம் ஹோட்டல் என்று பிரிப்பதில் ஒரு குறைவும் இல்லை. விண்ணப்பத்தில் இரண்டையும் தேதிவாரியாகக் காட்டினால் போதும்.

இனி, ஏன் வசந்தத்தின் தொடக்கம்? அறை வாடகை கோடையைவிடக் குறைவு, வரிசைகள் சிறியவை, இலங்கையில் சித்திரை விடுமுறையோடு லீவும் ஒத்துவருகிறது. ஆனால் 'மார்ச், ஏப்ரல்' என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. மார்ச் முதல் பாதி ஐரோப்பாவின் பெரும்பகுதியில் குளிர்காலம்தான். பாரிஸில் பகல் 12 பாகை அளவு, இரவு 5. சூரிச்சில் பகல் 10ஐ ஒட்டி, இரவு உறைநிலைக்குச் சற்று மேல். நுவரெலியாவின் தை மாத இரவில் நடந்தவருக்கு அந்தப் பகல் பழக்கமானதே. கடினம், அந்தப் பகல் நாள் முழுக்க மழைத்தூறலோடும் காற்றோடும் நீடிப்பது.

மார்ச்சின் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, மூன்று மணியாகிறது. அன்றிலிருந்து எமக்கும் பாரிஸுக்கும் உள்ள வித்தியாசம் நாலரை மணியிலிருந்து மூன்றரையாகக் குறையும். அன்று காலை ரயிலோ விமானமோ பிடிக்க இருப்பவர் ஒரு மணி நேரத்தை இழப்பார் என்பது ஒன்று. அதன்பின் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் நீள்கிறது என்பது மற்றொன்று. ஏப்ரல் நடுப்பகுதியில் பாரிஸில் இரவு எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஒரே அறை வாடகைக்கு அதிக நேரம் ஊர் பார்க்கக் கிடைக்கிறது என்று இதைக் கணக்கிடலாம்.

அடுத்தது உயிர்த்த ஞாயிறு. அது ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் அறை விலையும் ரயில் விலையும் கூடவே நகர்கின்றன. 2027இல் அது மார்ச் 28, நேரம் மாறும் அதே நாள். 2028இல் ஏப்ரல் 16. ஜேர்மனியில் பெரிய வெள்ளியும் ஞாயிறும் திங்களும் கடைகள் அடைப்பு. பிரான்ஸில் அல்சாஸ்–மொசெல் பகுதியைத் தவிர பெரிய வெள்ளி வேலைநாள், திங்கள் விடுமுறை. அந்த நாட்களில் ரோமும் பாரிஸும் நிரம்பி வழியும். என் கணிப்பில் 2027க்கு நல்ல காலம் ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு. 2028க்கோ மார்ச் 26இலிருந்து ஏப்ரல் 8, 9 வரை. பள்ளி விடுமுறை பிரான்ஸில் வலயத்துக்கு வலயம், ஜேர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் போகும் ஊரின் விடுமுறையைத் தனியாகப் பார்ப்பது அவசியம். மிலானில் ஏப்ரலில் தளபாடக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அறை வாடகை எங்கேயோ போய் நிற்கும். அந்த ஊரைத் திட்டத்தில் வைத்திருப்பவர் அந்தத் தேதியை முதலில் பார்க்கட்டும்.

வசந்தத்தில் அறை எடுக்கும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: வெப்பமூட்டி ஓடுமா? இத்தாலியில் பழைய அடுக்குமாடிகளின் மத்திய வெப்பமூட்டலுக்குச் சட்டப்படி தேதி இருக்கிறது. வழமையாக மிலானிலும் ரோமிலும் ஏப்ரல் 15 வரை. நேப்பிள்ஸில் மார்ச் 31 வரை. ஏப்ரல் முதல் வாரம் நேப்பிள்ஸில் கல் சுவர் வீடொன்றை மலிவாகப் பிடித்தவர், தெற்கே வெயில் இருக்கும் என்று நம்பிப் போய், இரவில் கம்பளி தேடுவார். சுவிஸ் மலைகளில் வேறு சிக்கல். பனிச்சறுக்குக் காலம் முடிந்து கோடைக் காலம் தொடங்கும் இடைவெளியில், ஏப்ரலில், பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் ஆண்டு முழுவதும் ஓடும். சிறிய சிகரம் ஒன்றை நம்பி மலைக்கிராமத்தில் அறை எடுக்குமுன் அதன் நிறுத்த நாட்களைப் பார்த்துவிட வேண்டும்.

இனி மையக் கேள்வி: எத்தனை ஊர்? முகவர்கள் விற்கும் திட்டங்கள் பத்து நாளில் ஏழு நாடு என்று பெருமையடிக்கின்றன. அது வேகமாகச் சுழலும் தபால் அட்டைத் தாங்கி. ஒன்றும் கையில் நிற்காது. ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளைத் தின்கிறது: அறையைக் காலி செய்தல், பெட்டியை நிலையத்தில் வைக்கக் காசு, புதிய ஊரில் மூன்று மணிவரை அறைக்குக் காத்திருத்தல். தவிர, ஊருக்கு ஊர் தங்கும் வரி. அம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது அறை விலையில் 12.5 சதவீதம். வீசா அதிகாரிக்கும் ஏழு ஹோட்டல் பதிவுகளைவிட இரண்டு நீண்ட பதிவுகள் நம்பத்தக்கவையாகத் தெரியும் என்பது என் எண்ணம். இரண்டு வாரத்துக்கு இரண்டு தளம், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றிலிருந்தும் காலையில் ரயிலேறி மாலையில் திரும்புவது.

முதல் தளம் பாரிஸ் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது தளமாக நான் சொல்வது அதற்கு ஈடான தலைநகர் எதையும் அல்ல, பாசல் நகரத்தை. சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி மூன்றும் ரைன் ஆற்றங்கரையில் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. பாரிஸின் லியோன் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து பேர்ன், லூசேர்ன், சூரிச் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜேர்மனியின் ஃபிரைபுர்க் முக்கால் மணி, பிரான்ஸின் கொல்மாரும் அதே அளவு, ஸ்ராஸ்பூர்க் ஒரு மணிக்கு மேல். பேர்னில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரை ஆகியவற்றோடு ஒரே கூரையின் கீழ் தமிழர்களின் சிவன் கோயிலும் இருக்கிறது. காலையில் போய் மதியம் திரும்பலாம்.

பாசலின் பெரிய வசதி வேறொன்று. ஹோட்டலில் தங்குகிறவருக்கு ஒரு விருந்தினர் அட்டை தருகிறார்கள். அதைக் கொண்டு தங்கும் நாளெல்லாம் நகரத்தின் ட்ராமிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம். அருங்காட்சியகங்களில் பாதிக் கட்டணம். ஜெனிவா, பேர்ன் நகரங்களிலும் தெற்கே திச்சினோ மாநிலத்திலும் இதுபோன்ற அட்டைகள் உண்டு, சூரிச்சில் இல்லை. அறை விலைகளை ஒப்பிடுகிறவர்கள் இதைச் சேர்க்காமல் ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். இன்னொரு தந்திரமும் பேசப்படுகிறது. பாசலின் எட்டாம் இலக்க ட்ராம் எல்லை தாண்டி ஜேர்மனியின் வைல் அம் ரைனுக்குப் போகிறது, மூன்றாம் இலக்கம் பிரான்ஸின் சென் லூயிக்கு. அங்கே அறை மலிவு. மலிவுதான், ஆனால் விருந்தினர் அட்டை கிடைக்காது, தினமும் எல்லை கடக்கக் கடவுச்சீட்டைச் சுமக்க வேண்டும் (2024 செப்டெம்பரிலிருந்து ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது), அந்த இரவுகள் வேறு நாட்டுக் கணக்கில் விழும். பிரான்ஸ் வீசாவில் போகிறவருக்குச் சென் லூயி இரவுகள் சாதகம். வைல் இரவுகள் எந்தப் பக்கமும் சேராதவை.

ரயில் பாஸ் பற்றி ஒரு குழப்பம். அங்கே குடியிருக்கும் உறவினர் 'இன்டர்ரெயில்' எடு என்பார்; அது ஐரோப்பாவில் வசிப்பவருக்கு. எமக்குரியது 'யூரெயில்'. பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்பதும் பாதி உண்மை. ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ் நாடுகளின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் ஏறி அமரலாம். பிரான்ஸின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சியரோசா, ஸ்பெயினின் ஏ.வி.ஈ. மூன்றுக்கும் ஆசனத்தைத் தனியாகக் காசு கட்டிப் பதிய வேண்டும். பாஸ்காரருக்கென ஒதுக்கிய ஆசனங்கள் விடுமுறை வாரங்களில் முதலில் தீரும். இரண்டு தளத் திட்டத்துக்குப் பாஸ் வீண். தளம் மாறும் நீண்ட பயணங்களுக்கு முன்கூட்டிய மலிவு டிக்கெட், பக்கத்து ஊர்களுக்கு அன்றன்றைய பிராந்திய டிக்கெட் என்பதே போதும். சுவிஸுக்கு மட்டும் முன்பதிவுச் சலுகை நாள் அனுமதிச்சீட்டு ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வருகிறது. மலையேறும் நாளுக்கு அது பார்க்கத்தக்கது. முன்கூட்டிய மலிவு டிக்கெட்டுகளில் பலவற்றுக்குப் பணம் திரும்பாது என்பதால் வீசா வந்த அன்றுதான் அவற்றை வாங்க வேண்டும். வீசா தாமதமானால் ரயில் விலை ஏறும். இந்த இடத்தில் எம் கடவுச்சீட்டு எமக்கு விதிக்கும் மறைமுக வரி இது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாரிஸ் நகருக்குள் நாட்காட்டியைப் பார்த்து இறங்குங்கள். அங்கே வாராந்த நவிகோ அட்டை திங்களிலிருந்து ஞாயிறு வரைதான் செல்லும். எந்த நாள் வாங்கினாலும் ஏழு நாள் என்பதல்ல. 2025இல் அதன் விலை 31.60 யூரோ, விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஒற்றை ரயில் டிக்கெட் 13 யூரோ. திங்களன்று வந்திறங்கி ஞாயிறன்று புறப்படுகிறவருக்கு விமான நிலையப் போக்குவரத்தே அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். வியாழனன்று இறங்குகிறவருக்கு அதே அட்டை நாலு நாளில் காலாவதி. விமான டிக்கெட் வாங்கும்போதே இந்தக் கிழமையை நினைத்தால் நல்லது.

இரவு ரயிலில் ஓர் அறை வாடகை மிச்சம் என்பார்கள். ஒஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் சூரிச்சிலிருந்து வியன்னாவுக்கும் ஹாம்பர்க்குக்கும் ஓடுகிறது. பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பேர்லினுக்கும் ஓடியவற்றை 2025 டிசெம்பரோடு நிறுத்திவிட்டார்கள். படுக்கைப் பெட்டியின் விலை சாதாரண ஹோட்டலுக்குக் குறைவில்லை. அத்துடன் விண்ணப்பத்தில் அந்த ஓர் இரவுக்குத் தங்குமிடப் பதிவு இல்லாமல் ஓட்டை விழும். ரயில் பதிவை இணைத்து விளக்க வேண்டும். ஆசைக்கு ஒருமுறை ஏறலாம், சிக்கனம் என்று சொல்லி ஏற வேண்டாம். இடத்துக்கு இடம் விதியும் வேறு. லக்சம்பர்க்கில் 2020இலிருந்து, ரயிலின் முதல் வகுப்பைத் தவிர, எல்லாப் பொதுப் போக்குவரத்தும் இலவசம். வெனிஸில் இதற்கு நேர்மாறு: 2024 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், இரவு தங்குகிறவருக்கு விலக்கு. அங்கும் இரவுதான் கணக்கு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் முன்கூட்டி அறிவித்தே நடக்கும். வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை பிராந்திய ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு.

கார் வாடகைக்கு எடுப்பது பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வீதியின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஒஸ்திரியாவில் ஏப்ரல் 15 வரை வீதியில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், ஃபுர்க்கா, கிரிம்செல் போன்ற உயர் கணவாய்கள் அப்போது பனியால் மூடியிருக்கும், இத்தாலிய நகர மையங்களில் தெரியாமல் நுழைந்தால் அபராதம் வீடு தேடி வரும். ரயில் இருக்கும்போது எதற்கு?

விமானத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் விமானம் நேரே பாரிஸ் போகிறது, ஏறத்தாழ பதினொரு மணி நேரம். டோஹா, டுபாய், இஸ்தான்புல் வழியாகவும் போகலாம். லண்டனைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பிரித்தானியா ஷெங்கனில் இல்லை, தனி வீசா, தனிக் கட்டணம் என்பதை மறக்க வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போவதற்கே இடைவழி வீசா கேட்கும் பட்டியலில் இலங்கை இருக்கிறது. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் முதல் நுழைவில் முகப்படம் எடுத்துப் பதிகிறார்கள்; வரிசை நீளும். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் பாசலுக்கு ரயில் என்று யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கலஹாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கான பாதையும் திட்டத்தில் அடங்கும். மார்ச், ஏப்ரல் எமக்கு இடைப்பருவ மழைக்காலம். பிற்பகலில் இடியோடு கொட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்து வீதிகளும் மலையகப் புகையிரதப் பாதையும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, இரவு விமானத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு ஹிந்தகல வழியாக இறங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது துணிச்சல். காலையிலேயே பேராதனைக்கு இறங்கிவிட வேண்டும். நேரம் மிஞ்சினால் நீர்கொழும்பில் கழியட்டும். வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி கண்டிக் கிளையில் முன்கூட்டியே திறந்துவைப்பதும் இந்த நாட்களின் வேலைதான். ஹோட்டல்கள் வைப்புத் தொகையாக அட்டையில் ஒரு பணத்தைத் தடுத்துவைக்கும், அது விடுபடச் சில நாள் ஆகும். ஆகவே அட்டையில் இருப்பதையெல்லாம் செலவுக்கென்று கணக்கிட முடியாது.

திரும்பும் விமானத்துக்கு ஒரு சின்னச் சாதகம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமும் தன் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் பயணிக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது. எம்மளவு தூரத்துக்கு அது 600 யூரோ வரை போகலாம். கொழும்பிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே அந்த விதி செல்லும். திரும்பும் தேதியில் கவனிக்க வேண்டியது சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 11, 12இல் கொழும்பிலிருந்து மலைக்கு வரும் பஸ்களில் நிற்கவும் இடமிராது; 13, 14இல் பஸ்ஸே அரிது. அந்த நாட்களில்தான் திரும்ப முடியும் என்றால் ஊரில் ஒரு வேன்காரரிடம் புறப்படுமுன்னரே பேசி முன்பணம் கொடுத்துவைக்க வேண்டும். வருடப்பிறப்பன்று கண்டியிலிருந்து கலஹாவுக்கு ஏறும் பஸ்ஸை நம்பிப் பயனில்லை.